டீசலா, பெட்ரோலா: வரி தேர்ந்தெடுக்கும் எஞ்சின்

(ஓசூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அறக்கட்டளையார் என்னிடம் சொன்னார்கள். ஓசூரில் நின்று பேசினால்தான் முழுதாக விளங்கும் ஒரு பொருளைத் தேடினேன். இந்த ஊரில் இரண்டு வகை எஞ்சின் பிறக்கிறது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது, அது பெட்ரோல். அதே ஆண்டில் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது. லாரியும் பஸ்ஸும் டீசல். மத்தகொண்டப்பள்ளியில் 1980களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கேட்டர்பில்லர் கூட்டுறவில் வந்த ஆலையும் டீசல் எஞ்சினுக்காகவே அமைந்தது. பைக்குக்கு டீசல் யாரும் கேட்பதில்லை. என்பீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் டீசல் புல்லட் செய்து விற்றதுண்டு என்பது உண்மை, அது நிலைக்கவில்லை. பாரம் ஏற்றும் லாரிக்குப் பெட்ரோலை எவரும் நினைப்பதும் இல்லை. நடுவில் இருக்கும் கார் ஒன்றுதான் இரண்டு பக்கமும் போகக்கூடியது. அதனால்தான் கார் வாங்கும் வீட்டில் முதல் கேள்வியாக இது எழுகிறது: டீசல் எடுக்கலாமா, பெட்ரோல் எடுக்கலாமா?

மெக்கானிக் ஒரு பதில் சொல்வார். ஷோரூமில் வேறு பதில் கிடைக்கும். மச்சான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். இன்று நான் நிறுவ விரும்புவது இதுதான். அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியை, வாங்குபவர் கடைக்குப் போகுமுன்பே அரசுகள் எழுதி முடித்துவிடுகின்றன. எரிபொருள் வரி, வாகன வரி, புகை விதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நாட்டின் கார்களுக்கு எஞ்சினைத் தேர்ந்தெடுக்கின்றன. எஞ்சினின் சொந்தக் குணம் அதற்குப் பிறகே பேசத் தொடங்குகிறது. இது உண்மையானால், அந்த வரியும் விதியும் ஒளிவுமறைவு இல்லாமலும், நெடுங்காலம் முன்பே அறிவித்தும் வகுக்கப்பட வேண்டும். இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. எல்லைக்கோட்டில் ஒரு கணக்கு

தமிழ்நாட்டின் ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் நெரிசல் போய்விட்டது. ஆனால் பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அந்த இரண்டுக்கு மட்டும் எல்லைக்கோடு இன்றும் உயிரோடு இருக்கிறது.

தமிழ்நாடு 2020 மே மாதம் எரிபொருள் வரியின் அமைப்பை மாற்றியது. டீசலுக்கு விலையில் 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு நிலையாக 9 ரூபாய் 62 காசு. பெட்ரோலுக்கு 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தபின், 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். கர்நாடகம் சதவீதத்தை மட்டும் நம்புகிறது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் கர்நாடகத்தின் வரியும் சேர்ந்து இறங்கும். நம்முடையதில் ஒரு பகுதி அசையாது. ஏறும்போது நிலைமை தலைகீழ். இந்த வேறுபாட்டைப் பொருளாதார நூலில் படிக்கலாம். ஓசூர் டிரைவர் அதை பங்க் பலகையிலேயே படித்துவிடுகிறார்.

2021 நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியைக் குறைத்தது. கர்நாடகம் தன் பங்குக்கு இரண்டு எரிபொருளுக்கும் ஏழு ரூபாய் குறைத்தது. அதன்பின் பெங்களூரில் டீசல் 85 ரூபாய். சென்னையில் 91 ரூபாய் 43 காசு. லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ராயக்கோட்டையிலிருந்தும் பாகலூரிலிருந்தும் பூவும் காய்கறியும் ஏற்றிப் பெங்களூரு போகும் பிக்கப் வண்டி எங்கே டேங்க் நிரப்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 2024 ஜூன் 15 அன்று கர்நாடகம் விற்பனை வரியைப் பெட்ரோலுக்கு 25.92-லிருந்து 29.84 சதவீதமாகவும், டீசலுக்கு 14.34-லிருந்து 18.44 சதவீதமாகவும் உயர்த்தியது. அந்த வாரத்தின் விலைகளைப் பாருங்கள். பெங்களூரில் பெட்ரோல் ஏறத்தாழ 102 ரூபாய் 86 காசு, டீசல் 88 ரூபாய் 94 காசு. சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. பெட்ரோல் நம் பக்கம் மலிவு. டீசல் அவர்கள் பக்கம் மலிவு.

இப்போது மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாடல் காரில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் வண்டி 20 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம். டீசல் வண்டியின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல் என்றும் கொள்வோம். எத்தனை கிலோமீட்டர் ஓடினால் அந்த ஒன்றரை லட்சம் திரும்ப வரும்? சென்னை விலைக்கு ஏறத்தாழ 71,000 கி.மீ. பெங்களூரு விலைக்கு 62,000 கி.மீ. அதே வண்டி, அதே சாலை, அதே டிரைவர். இடையில் ஒரு மாநில எல்லை மட்டும். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் வித்தியாசத்தை எந்தப் பொறியாளரும் உருவாக்கவில்லை.

2025 ஏப்ரலில் கர்நாடகம் டீசல் வரியை 21.17 சதவீதமாக்கியது. அங்கே விலை 91 ரூபாயைத் தாண்டி, ஆறு ரூபாயாக இருந்த இடைவெளி ஒரு ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. மூன்றரை ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம். ஒரு காரின் ஆயுளோ பதினைந்து ஆண்டு.

2. எஞ்சினின் சொந்தக் குணம்

வரியைக் குறை சொல்வதற்கு முன், எஞ்சினுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் சேர்த்து உள்ளிழுத்து, பத்து மடங்கு அளவில் அமுக்கி, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை மட்டும் இழுக்கிறது. பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே, பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அதிக அமுக்கம் அதிக வேலையைத் தருகிறது. இன்னொன்றும் உண்டு. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வண்டியின் காற்றுப் பாதையை ஒரு தகடு மூடிவிடும். அந்த மூடிய பாதை வழியே காற்றை இழுக்க எஞ்சின் வீணாக உழைக்கும். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு மட்டுமே. அதனால் குறைந்த பாரத்தில் மெல்லப் போகும்போது டீசலின் சிக்கனம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் மைலேஜ் என்னும் கணக்கில் ஒரு மயக்கம் இருக்கிறது. நாம் லிட்டரில் அளக்கிறோம். ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கனமானது. அதில் அடங்கிய ஆற்றலும் சுமார் 12 சதவீதம் கூடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.31 கிலோ கரியமில வாயு. டீசல் எரிந்தால் 2.64 கிலோ. என் முந்தைய கணக்கின் 15, 20 கி.மீ. வண்டிகளை மறுபடி பாருங்கள். லிட்டர் கணக்கில் டீசல் 25 சதவீதம் மிச்சப்படுத்துகிறது. கரியமில வாயுவின் கணக்கில் பெட்ரோல் வண்டி கிலோமீட்டருக்கு 154 கிராம், டீசல் வண்டி 132 கிராம். மிச்சம் 14 சதவீதம். நல்ல மிச்சம்தான். ஆனால் பங்கில் தெரிவதைவிடச் சிறியது.

அந்த மிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. அதிக அமுக்கமும் சூடும் காற்றிலுள்ள நைட்ரஜனையே எரித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. காற்றோடு முழுமையாகக் கலக்காத டீசல் துளிகள் கரித்துகளாக வெளியேறுகின்றன. பெட்ரோல் வண்டியின் புகையைச் சைலன்ஸர் பாதையிலுள்ள ஒரு வினையூக்கியே பெரும்பாலும் சுத்தப்படுத்திவிடும். டீசல் புகையில் ஆக்ஸிஜன் மிகுந்திருப்பதால் அந்த எளிய வழி அதற்குப் பொருந்தாது. டீசல் கார்களின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு வேதியியல் உண்மையைச் சுற்றித்தான் நடந்தது.

3. 2012: இந்தியக் கார் டீசலுக்குள் இறங்கிய கதை

டீசல் அம்பாசடரை நினைவு வைத்திருப்பவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். நம் ஊர் ஷெட்டுகளில் பெட்ரோல் அம்பாசடரின் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டடார் எஞ்சினைப் பொருத்தினார்கள். சத்தமும் நடுக்கமும் கூடினாலும் வாடகை வண்டிக்காரர் கவலைப்படவில்லை. கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தது. அரசு டீசலை மலிவாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. லாரி, பஸ், பம்ப்செட், டிராக்டர் ஆகியவை டீசலில் ஓடின. டீசல் விலை ஏறினால் அரிசி விலை ஏறும். ஏழைக்காக என்று கொடுத்த அந்தச் சலுகையின் கதவு திறந்தே இருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

1998 டிசம்பரில் டாடா இண்டிகா டீசல் சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் வந்தது. 2000-இல் பிடதியிலிருந்து டொயோட்டா குவாலிஸ் வந்தது. 2002-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த ஆக்ஸென்ட் சிஆர்டிஐ, காமன் ரெயில் முறையைக் காருக்குக் கொண்டுவந்தது. எரிபொருளை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு குழாயில் தேக்கி, கணினியின் கட்டளைப்படி இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. அந்தக் கடகட சத்தமும் கறுப்புப் புகையும் வெகுவாகக் குறைந்தன. 2007-இல் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினோடு மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்தது. பல நிறுவனங்களின் கார்களில் அந்த ஒரே எஞ்சின் ஓடியதால், அதை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே சொன்னார்கள். தொழில்நுட்பம் தயாராக இருந்தது. தூக்கிவிட ஒரு கை தேவைப்பட்டது.

அந்தக் கையும் வந்தது. 2010 ஜூன் 26 அன்று பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், டீசலுக்கு நீக்கவில்லை. 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஏறியது. டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. அதே 15, 20 கி.மீ. கணக்கைப் போட்டால், டீசல் வண்டிக்கு அன்று ஒரு லட்சம் கூடக் கொடுத்தவர் 35,000 கி.மீ. ஓடியதும் போட்ட பணத்தை எடுத்துவிட்டார். 2012-13 நிதியாண்டில் நாட்டில் விற்ற பயணியர் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல்.

கிரித் பாரிக் குழு 2010-லேயே எச்சரித்திருந்தது. டீசல் விலையை விடுவியுங்கள், டீசல் காருக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரியும் போடுங்கள் என்பது அதன் சாரம். இரண்டுமே அப்போது நடக்கவில்லை. 2012 ஜூன் மாதம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. எந்த ஆண்டில் அறிவியல் அந்த முடிவுக்கு வந்ததோ, ஏறத்தாழ அதே ஆண்டில் நம் வரிக்கொள்கை குடும்பங்களை டீசல் காருக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

இதைவிட என் மனத்தை வாட்டுவது 2013 ஜனவரியில் நடந்தது. சில்லறை விலையை மாதம் அரை ரூபாய் அளவில் உயர்த்தலாம் என்று முடிவு செய்தார்கள். மொத்தமாக வாங்குபவர்களுக்கோ உடனே சந்தை விலை. லிட்டருக்கு ஏறத்தாழ 11 ரூபாய் கூடுதல். மொத்தமாக வாங்குபவர் யார்? ரயில்வே, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். தனி ஒருவர் ஏறிப் போகும் சொகுசுக் கார் மலிவு விலையில் டீசல் வாங்கியது; ஐம்பது பேரை ஏற்றிக் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் போகும் அரசுப் பேருந்து முழு விலை கொடுத்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுப் பேருந்துகள் டெப்போவை விட்டு வந்து, பொது பங்குகளில் கார்களோடு வரிசையில் நின்று டீசல் நிரப்ப நேர்ந்தது. ஏழையின் பெயரால் தொடங்கிய சலுகை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

4. பிற நாடுகள் காட்டும் சான்று

இது இந்தியாவின் தனிக்குறையோ என்று கேட்கலாம். அப்படி இல்லை என்பதற்குச் சில நாடுகளைப் பார்ப்போம்.

பிரேசிலில் 1976 முதல் சாதாரணக் காருக்கு டீசல் எஞ்சின் சட்டப்படி கிடையாது. ஒரு டன் பாரம் ஏற்றும் வண்டிக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கும்தான் அனுமதி. டீசலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணெய் நெருக்கடிக்காலச் சிந்தனை அது. இந்தியா திறந்து வைத்த கதவை அவர்கள் பூட்டினார்கள். காருக்குக் கரும்பு எத்தனால் வந்தது.

கிரீஸ் நாட்டில் ஏதென்ஸ், தெசலோனிகி நகரங்களில் தனியார் டீசல் கார்களுக்கு இருபது ஆண்டுகள் தடை இருந்தது. அண்டை நாடுகளில் டீசல் கொடிகட்டிப் பறந்தபோது கிரீஸில் டீசல் கார் அரிது. 2011-இல் தடை நீங்கியது. சில ஆண்டுகளில் புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல் ஆயின. கிரேக்கர்களின் ரசனை ஒரே இரவில் மாறிவிட்டதா என்ன?

பிரான்சில் டீசலுக்கு வரி குறைவு. ஒரு காலத்தில் அங்கே விற்ற பத்துப் புதிய கார்களில் ஏழு டீசல். பிரிட்டனில் இரண்டு எரிபொருளுக்கும் ஒரே வரி. ஆனாலும் டீசல் வளர்ந்தது. 2001-இல் ஆண்டு வாகன வரியைக் கரியமில வாயுவின் அளவோடு இணைத்ததுதான் காரணம். ஏழில் ஒன்றாக இருந்த டீசல் பங்கு பத்தாண்டில் பாதியானது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களின் நோக்கம் நல்லது. அளவுகோல் ஒன்றே ஒன்று. கரியமில வாயுவை அளந்தார்கள், நைட்ரஜன் ஆக்சைடை வரிக்கணக்கில் சேர்க்கவில்லை. ஐரோப்பிய விதியே டீசலுக்குத் தனிச் சலுகை தந்தது. 2005-இன் யூரோ 4 விதிப்படி பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். டீசல் கார் 250 விடலாம். நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அமெரிக்கா இரண்டுக்கும் ஒரே வரம்பு வைத்தது. எரிபொருள் எதுவானாலும் மைலுக்கு 0.07 கிராம், ஏறத்தாழ கிலோமீட்டருக்கு 43 மில்லிகிராம். கூட்டாட்சி வரியும் டீசலுக்குத்தான் அதிகம்: காலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4 சென்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1978-இல் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபைல் டீசல் அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்ததும் சேர்ந்துகொள்ள, அங்கே டீசல் கார் சில சதவீதத்தைத் தாண்டவேயில்லை. ஜப்பானில் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா டீசல் கரித்தூள் அடைத்த பாட்டிலைப் பத்திரிகையாளர் முன் ஆட்டிக்காட்டினார். 2003-இல் கட்டுப்பாடுகள் வந்தன. டீசல் கார் பல ஆண்டுகள் சந்தையில் இருந்தே ஏறத்தாழ மறைந்தது. ஐரோப்பாவில் செய்த அதே எஞ்சின், கடல் தாண்டியதும் விலைபோகாத பொருளாயிற்று.

அமெரிக்க வரம்புக்குள் டீசலைக் கொண்டுவந்துவிட்டோம் என்று ஃபோக்ஸ்வேகன் பெருமை பேசியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக்குழு கார்களைச் சாலையிலேயே ஓட்டிப் புகையை அளந்தது. ஜெட்டா கார் வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் இருந்தார். இங்கிருந்து நாற்பது கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணா இருந்தார். மாணவர்களே, அந்த இரு பெயர்களையும் மறக்காதீர்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது: பரிசோதனைக் கூடத்தை அடையாளம் கண்டு அங்கே மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது. உலகம் முழுதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. ஐரோப்பாவின் டீசல் நம்பிக்கை அதோடு உடைந்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் டீசல் எட்டில் ஒன்றுக்கும் கீழ்.

5. இறக்கம்

நம் நாட்டில் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. சலுகை போனது. அடுத்து விதி வந்தது. பாரத் ஸ்டேஜ் புகை விதிகளில் பிஎஸ் 5-ஐத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250-லிருந்து 80 மில்லிகிராமாகவும், துகள் வரம்பு 25-லிருந்து 4.5 மில்லிகிராமாகவும் இறங்கின. பெட்ரோல் கார் 80-லிருந்து 60-க்கு வந்தால் போதும். இதற்குத் துகள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் கருவியும் டீசல் வண்டிக்கு வேண்டும். சிறிய காரில் அந்தச் செலவைத் தாங்க இடமில்லை. 2019 ஏப்ரலிலேயே மாருதி டீசலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. மல்டிஜெட்டின் கதை அதோடு முடிந்தது.

2020 ஜூன் 24. டெல்லியில் டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் முந்திக்கொண்டது. அன்றைய விலைக்கு என் கணக்கைப் போட்டால், கூடுதல் ஒன்றரை லட்சத்தை எடுக்க 1,13,000 கி.மீ. ஓட வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் 35,000 என்று சொன்னேனே, அதை நினைத்துப் பாருங்கள். டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது.

துகள் வடிகட்டி இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. அதில் சேரும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி சில நிமிடங்களாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு நெரிசலில் ஊர்ந்து போய் ஊர்ந்து திரும்பும் காருக்கு அது கிடைப்பதில்லை. டாஷ்போர்டில் விளக்கு எரியும். கிருஷ்ணகிரி வழியாகச் சேலம், மதுரை என்று நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே டீசல் இன்று பெரிய வண்டிக்கும் நெடுந்தூரத்துக்கும் ஒதுங்கிவிட்டது. பிடதியில் ஒரே நிறுவனம் இன்னோவா கிரிஸ்டாவை டீசலிலும், ஹைகிராஸைப் பெட்ரோல் ஹைபிரிட்டிலும் செய்கிறது. வருடத்துக்குப் பத்தாயிரம் கி.மீ.கூட ஓட்டாதவர் டீசல் எடுக்க வேண்டியதில்லை என்று இப்போது மெக்கானிக்கே சொல்கிறார்.

6. இந்த மண்ணுக்கு இதில் என்ன?

ஏறிய அலையும் இறங்கிய அலையும் மனிதர்களின் வேலையாகத்தான் இங்கே வந்து சேர்கின்றன. பெங்களூரு ஆடுகோடியில் 1950களிலிருந்து இயங்கிய மைக்கோ நிறுவனம், டீசல் பம்பு, பெட்ரோல் வண்டிக்கான ஸ்பார்க் பிளக் இரண்டையும் செய்தது. நம் பக்கத்து லேத் பட்டறைகளும் சிப்காட்டின் சிறு ஆலைகளும் அந்த வட்டாரத்தின் துல்லியத்தில் வளர்ந்தவை. இன்ஜெக்டர் நாசிலின் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைச் சுற்றி இருக்கும். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கசியாத ஊசியையும் உறையையும் இழைத்துப் பொருத்தும் கைத்திறன், ஐடிஐ படித்து வந்தவர் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெறுவது. பாதிக்கு மேல் ஏறி, பிறகு எட்டே ஆண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்கு இறங்கும் சந்தையை நம்பி அந்தத் திறனை வளர்க்கச் சொல்வது அநியாயம். இப்போது ஏதர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. அதே தொழிலாளர்களின் பிள்ளைகள் பேட்டரியும் மோட்டாரும் பொருத்துகிறார்கள். அந்தத் துறையும் மானியத்தின் துணையோடு வளர்ந்தது என்பதால், டீசலின் பாடம் அவர்களுக்கும் வேண்டியது.

நான் முன்வைக்கும் யோசனைகள் மூன்று.

முதலாவது, எரிபொருளின் பெயருக்கு வரி போடுவதை விட்டு, அதில் உள்ள கரிக்கு வரி போடுங்கள். ஒரு லிட்டர் டீசல் பெட்ரோலைவிட 14 சதவீதம் கூடுதலாகக் கரியமில வாயு தருகிறது என்றால், அதன் லிட்டர் வரி அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் ஒன்றியக் கலால் வரி பெட்ரோலுக்கு 21 ரூபாய் 90 காசு, டீசலுக்கு 17 ரூபாய் 80 காசு. நேர் எதிராக இருந்தது. பேருந்துக்கும் விவசாயிக்கும் சரக்கு வண்டிக்கும் உதவ வேண்டும் என்றால், அந்த உதவியை அவர்களுக்கு நேரடியாகக் கொடுங்கள்; பங்கின் குழாய் வழியே எல்லோருக்கும் ஊற்ற வேண்டாம்.

இரண்டாவது, புகைக்கான வரம்பு எரிபொருள் பார்க்காமல் ஒன்றாக இருக்கட்டும். அளவை சாலையில் எடுக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் பிஎஸ் 6-இன் இரண்டாம் கட்டம் சாலைப் பரிசோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. அதைத் தாங்காத பல டீசல் மாடல்கள் அந்த ஆண்டோடு நின்றுபோயின. தாங்கியவை நிற்கின்றன. டீசல் வேண்டாம் என்று யாரும் ஆணையிட வேண்டியதில்லை; சுத்தமாக எரிந்தால் இருக்கட்டும்.

மூன்றாவது, அவகாசம். 2023 மே மாதம் ஒன்றிய அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களில் 2027-க்குள் டீசல் நான்கு சக்கர வாகனங்களை நிறுத்தலாம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டீசல் வண்டிகளுக்குப் பத்து சதவீதக் கூடுதல் வரி கேட்கப்போவதாக ஒன்றிய அமைச்சர் ஒருவர் பேசினார். அன்றே அப்படி ஒரு திட்டம் பரிசீலனையில் இல்லை என்று விளக்கமும் வந்தது. ஒரு எஞ்சினை வடிவமைத்து ஆலையில் ஏற்ற ஐந்து ஆண்டு ஆகும். அதைச் செய்யும் கையைப் பழக்க இன்னும் கூட ஆகும். இப்படிக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வதை எந்த ஆலை நம்பி முதலீடு செய்யும்? பத்தாண்டு வரி அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று படிப்படியாக நகர்த்துவது முடியாத காரியம் இல்லை. 2013 ஜனவரிக்குப் பின் மாதம் அரை ரூபாயாக டீசலை உயர்த்தி, இருபத்தொரு மாதங்களில் சந்தை விலைக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் நாம்தான்.

இதைத் தமிழ்நாடும் கர்நாடகமும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலான இந்த நாற்பது கிலோமீட்டரில் தொடங்கலாம். இரு மாநிலங்களின் வணிகவரித் துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசி, இரண்டு எரிபொருளின் வரியையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவரட்டும். அத்திப்பள்ளி பங்கும் ஓசூர் பங்கும் ஒரே விலைப் பலகை வைக்கும் நிலை வந்தால், கார் வாங்குபவர் தன் ஓட்டத்தையும் தன் பாரத்தையும் மட்டும் பார்த்து எஞ்சினைத் தேர்ந்துகொள்வார்.